இடது சீட்டில் மழை

மழையில் நிற்காதே, ஓடு என்பதுதான் அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் சொல்லித்தருகிற முதல் புத்தி, ஏனென்றால் அது லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர், அங்கே ஆம்பளைகளில் பாதிப் பேர் பட்டறையில் தகரம் வெட்டினார்கள், மீதிப் பேர் சேசிஸ் ஓட்டினார்கள். சேசிஸ் என்றால் ஓர் என்ஜின், அடியில் டயர்கள், ஒரு ஸ்டியரிங், உட்காரப் பலகை, அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்னால் கண்ணாடிகூடக் கிடையாது. அதை வடக்கே கம்பெனி வாசலில் எடுத்து, ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு, பாதி நாட்டைத் திறந்தவெளியில் உட்கார்ந்தபடியே கடந்து ஊர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பட்டறைக்காரர்கள் கேபின் கட்டி, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, நெற்றியில் ராட்சச முகம் வரைந்து, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ரோட்டுக்கு அனுப்புவார்கள்.

நின்னவன் முழுசா நனைவான், ஓடறவன் பாதிதான் நனைவான் என்று சேசிஸ் டிரைவர் ராக்கியண்ணன் மகனுக்கும் சொன்னார், மகளுக்கும் சொன்னார். மகன் லோகு அதைக் கேட்டுக்கொண்டு வடக்கே சேசிஸ் எடுக்கப் போனவன், இரண்டு மழைக்காலம் ஆகியும் திரும்பவில்லை. வண்டி மட்டும் கிடைத்தது. ஒடிசாப் பக்கம் ஏதோ ஒரு சாலையோரத்தில், சாவி போட்டபடி, டேங்கில் டீசல் இருந்தபடி, பலகையின்மேல் அவனுடைய மழைக்கோட்டு சலவைக்காரர் மடித்ததுபோல மடித்து வைத்தபடி நின்றிருந்தது. ஆள் இல்லை. பிணமும் இல்லை. அவனுடைய அம்மா பாவாயி அன்றிலிருந்து தினமும் அவன் நம்பருக்குப் போன் போட்டாள், தினமும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, இருந்தும் மாசம் பிறந்தால் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போடச் சொல்லி மகளை நச்சரித்தாள். "வேலிடிட்டி போயிட்டா நம்பரை வேற எவனுக்காச்சும் குடுத்துருவானாமா. பொறவு எம் பையன் எந்த நம்பர்ல இருந்து கூப்புடுவான்?"

மகள் சுகந்தி பிளஸ் ஒன்னில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள். கெமிஸ்ட்ரி புரியவில்லை, புரிந்த மாதிரி நடிக்கவும் வரவில்லை. அவளுக்குப் பொய் என்பது செருப்பில்லாமல் தகரத்துண்டின்மேல் நடப்பது மாதிரி, ஒரு அடி வைப்பதற்குள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மாதேஷ் மேஸ்திரியின் பட்டறையில் பட்டி பூசி உப்புத்தாள் தேய்க்கிற வேலை பார்த்தாள். அப்பா புண்ணியத்தில் எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவாள்.

அந்தப் பட்டறைக்குத்தான் ஐப்பசி மாசத்தில் ஒரு லாரியின் முதுகில் ஏறி அந்தச் சிவப்புக் கார் வந்தது. கோயமுத்தூர்ப் பணக்காரப் பையன் ஒருவன் எதிலோ கொண்டுபோய் மோதி, மூக்கை நெளித்து, டிங்கரிங் பார்க்க அனுப்பியிருந்தான். தரையோடு தரையாகப் படுத்திருந்தது, ரெண்டே சீட்டு, கூரை இல்லை. ஒரு துணிக்கூரை இருந்ததாம், அதுவும் பின்னால் மடங்கிச் சிக்கிக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஊரே வந்து சுற்றி நின்று பார்த்தது.

"ஏங்க மேஸ்திரி, கூரை எங்கீங்?"

"கூரைக்குக் காசு பத்தலையாட்ட இருக்குது."

"அட, இதும் சேசிஸுதாம்ப்பா. பாடி கட்டத்தான் நம்மூருக்கு அனுப்பியிருக்கான்."

இதுதான் இதனுடைய அழகு என்று மாதேஷ் மேஸ்திரி சொல்லிப் பார்த்தார், அவருக்கே நம்பிக்கை இல்லை, ஒரு தகரம் வளைத்து நாலு வெல்டிங் வைத்தால் எவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று அவர் கை அரித்துக்கொண்டேதான் இருந்தது. மூக்கை நிமிர்த்தி, பட்டி பூசி, சிவப்பு அடித்து முடித்த மத்தியானம், சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பெண்டாட்டி சரோசா செத்த நாளிலிருந்து பட்டறையை விட்டு எந்த வண்டி வெளியே போனாலும் பழம் வைக்கும்போது அவள் பெயரை முணுமுணுப்பது அவர் வழக்கம். அன்றும் முணுமுணுத்தார். "ஏம்மிணி, பாலம் வரைக்கும் போயி திருப்பிட்டு வா" என்று சாவியைச் சுகந்தியிடம் போட்டார்.

பைபாஸ் ஏறினதும் மழை பிடித்துக்கொண்டது. சுகந்தி வண்டியை நிறுத்தவில்லை. அப்பா சொன்னது சரிதான், ஆனால் அப்பாவின் சேசிஸில் கண்ணாடி இல்லை, இதில் சரிந்த கண்ணாடி இருந்தது. அறுபதைத் தாண்டினதும் மழை அந்தக் கண்ணாடியில் ஏறி அவள் தலைக்குமேலே ஒரு பாய் மாதிரி விரிந்து பின்னால் போய் விழுந்தது, ரோடெல்லாம் வெள்ளம், வானமெல்லாம் வெள்ளம், அவள்மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடறவன் நனையவே மாட்டான் என்று புதுசாகச் சொல்லிக்கொண்டு சிரித்தவள், பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். இடது சீட்டில் மட்டும் மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது. விழுந்த தண்ணீர் வழிந்து ஓடவில்லை. உட்கார்ந்திருந்தது.

முதலில் இடுப்பு வரைக்கும் உட்கார்ந்தது, பிறகு நெஞ்சு, பிறகு தோள், பிறகு கழுத்துக்குமேலே கொண்டை போட்ட ஒரு தலை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினது போலத் தெளிந்த தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் புளியமரங்கள் ஓடுவது தெரிந்தது. அது சுகந்தியைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்த பொம்பளை மாதிரி, மடியில் கை வைத்து வந்தது. நடுவில் தொங்கிய கண்ணாடியில் அது தெரியவில்லை, காலிச் சீட்டுதான் தெரிந்தது. சுகந்தி கத்தவில்லை. கத்தினால் கை ஆடும், கை ஆடினால் வண்டி ஆடும் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது நூர்ஜகான் அக்காவின் பேக்கரி வாசலில் டீயோடு நின்ற மாதேஷ் மேஸ்திரி அதைப் பார்த்தார். கார் அவரைத் தாண்டிப்போகிற அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. "என் சரோசா" என்றார். "வலது தோளு தூக்கலா இருக்கும் அவளுக்கு." டீயைக் கீழே வைக்காமலே பின்னால் ஓடினார். பட்டறை வாசலில் சுகந்தி பிரேக் போட்டதும் தண்ணீர் ஒரே ஓசையில் இடிந்து விழுந்து கால்வைக்கிற இடத்தில் கணுக்கால் அளவு தேங்கியது. மாதேஷ் மேஸ்திரி கதவைத் திறந்து, அந்தத் தண்ணீரை மூன்று கை அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்டார், அப்புறம் சட்டையில் கை துடைத்துக்கொண்டு, "கிளட்ச் பிடிக்குதா?" என்று கேட்டார்.

இது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. யார் முதலில் என்றுதான் கேட்டார்கள்.

மறுநாள் மழைக்கு நூர்ஜகான் அக்கா தன் அத்தாவுக்காக வந்தார். எலுமிச்சம்பழமெல்லாம் எங்களுக்கு வேணாம் என்று பாத்தியா ஓதினார், அதற்கும் வந்தார் அவருடைய அப்பா, தொப்பியோடு, தாடி நுனியில் மழை சொட்டச் சொட்ட. அதற்கப்புறம் ஊருக்கு வழக்கங்கள் தன்னாலே முளைத்தன. பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் பேர் சொல்லலாம். பேக்கரியிலிருந்து பாலம் வரைக்கும் சொந்தக்காரர்கள் குடை பிடித்து வரிசையாக நிற்கலாம், குறுக்கே ஓடக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, எடுத்தாலும் விழாது. வண்டி நின்றதும் கீழே தேங்கின தண்ணீரை நெருங்கின சொந்தம் மட்டும் மூன்று கை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், ஊற்றிவிட்டால் துக்கம் அன்றோடு முடிந்தது, அதற்கப்புறம் அழுதால் ஊர் சிரிக்கும். பதினாறாம் நாள் காரியம் முடித்தவர்கள்கூட அது பத்தவில்லை என்று வந்தார்கள். வானம் இருட்டினால் பட்டறையில் வெல்டிங் சத்தம் நிற்கும், நூர்ஜகான் அக்கா கூடுதலாக ரெண்டு தட்டுத் தேங்காய் பன் போடுவார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் ஜன்னல் பக்கம் வந்து நிற்பார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் இறங்கி வந்து தன் அம்மாவின் பெயரை ஒரு பழத்திடம் சொல்லிவிட்டு வரிசையில் நின்றார்.

செத்தவர்கள் ஒருத்தரும் பேசவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் அவரவர் சாயல் அவரவருக்கு இருந்தது. "செத்தும் தொப்பை குறையல பாரு எங்க மாமனுக்கு" என்று ஒருத்தி குடைக்குள்ளே சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்து, அந்தச் சிரிப்பு கார் போன திசையிலேயே போய் அழுகையாகத் திரும்பி வந்தது. சுகந்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்காருவது அவளல்லவா. தண்ணீரின் குளிர் அவள் இடது கையில் மயிர்க்கால் மயிர்க்காலாக ஏறும், கியர் மாற்றும்போது முழங்கை பட்டுவிடுமோ என்று ஒடுக்கிக்கொண்டே ஓட்டுவாள், வளைவில் தண்ணீரும் ஒரு பக்கமாகச் சாயும், அவள் பக்கமாக.

உசிரோடு இருக்கிறவர்கள் வருவதில்லை என்று ஊருக்குத் தெரிந்தது தாயம்மாளால்தான். அவள் புருசன் எவளோடோ பாலக்காட்டுப் பக்கம் ஓடிப்போயிருந்தான், எங்கேயோ குடித்துச் செத்திருப்பான் என்று நம்பிப் பழம் வைத்தாள். அடாத மழை. வண்டி பாலம் வரைக்கும் போய்த் திரும்பியது. இடது சீட்டு வெயிலில் போட்ட கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"உசுரோடதான் இருக்கறானாக்கும்" என்றாள் தாயம்மாள், காலிச் சீட்டைப் பார்த்தபடி. "செத்திருந்தா மன்னிச்சுத் தொலைச்சிருப்பேன்."

அன்றைக்குச் சாயந்தரமே ஊர்க் கண்ணெல்லாம் ராக்கியண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது. யாரும் வற்புறுத்தவில்லை. கடைக்குப் போனால், ஒரு பழந்தானுங்களே என்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், தெரிஞ்சுக்கிட்டா நிம்மதிதானுங்களே என்றார்கள். பெட்ரோல் நாங்க ஊத்தறோமுங் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

"வெக்கலாம்" என்றார் ராக்கியண்ணன் ஒருநாள், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"வெக்கக்கூடாது" என்றாள் பாவாயி.

"அவன் எங்கயோ ஈரத்துல கெடக்கறான்னா ஒரு நடை கூட்டிட்டு வரலாம்ல பாவாயி. ஒரு தடவையாச்சும் முன்னாடி கண்ணாடி வெச்ச வண்டில உக்காந்து வரட்டும்."

"கெடக்கறான்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவன் வேலை செய்யறான். எங்கயோ வேலை செய்யறான். போன் தொலைஞ்சிருக்கும்."

சுகந்தி கை கழுவிவிட்டு வந்து நின்றாள். "எனக்குத் தெரிஞ்சாகணும்மா. தெனமும் காத்தால அவன் சாவறான், தெனமும் ராத்திரி பொழைக்கறான். என்னால முடியல."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"அழுவேன்."

பாவாயி போனை எடுத்து, வழக்கம்போல நம்பரைப் போட்டு, அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவு செய்த குரல் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டு, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

கார்த்திகை தேயத் தேய மழையும் தேய்ந்தது. மேஸ்திரி சொன்ன சாக்குகளை இனியும் கேட்காமல் கோயமுத்தூர்ப் பையன் கூப்பிட்டு, நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், வண்டி தயாராக இருக்கட்டும் என்று சொன்ன அன்றைக்கு மத்தியானம், இனிமேல் வராது என்று எல்லோரும் விட்டுவிட்ட மழை, மேற்கே கரட்டு மலை மறைகிற அளவுக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே தெரிந்தது, இதுதான் கடைசி ஓட்டம். வரிசையில் காத்திருந்தவர்கள்கூடத் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். ராக்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், குனிந்து குனிந்து சக்கரம் சக்கரமாகப் பழம் வைத்தார். ஒவ்வொரு பழத்திடமும் லோகநாதன் என்று முழுப் பெயரையும் சொன்னார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்னது மாதிரி.

சுகந்தி சாவியைத் திருப்பினாள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாவாயி வந்தாள். தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினவள் மாதிரி வந்தாள். இடது பக்கக் கதவைத் திறந்தாள், ஏறி உட்கார்ந்தாள், சாத்தினாள்.

"ஏனுங்கக்கா, எறங்குங்க" என்றார் மாதேஷ் மேஸ்திரி. "சீட்டு காலியா இருக்கோணுமுங்க."

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். இப்ப எங்க வந்து உக்காருவான்னு பாக்கறேன்."

ஊர் அசந்து நின்றது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. எவரும் தங்கள் செத்தவர்களை வேண்டாம் என்று சொன்னதில்லையே. ராக்கியண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தார், பெண்டாட்டி ரோட்டைப் பார்த்தாள். "எடு அம்மிணி" என்றார் அவர் கடைசியில். பழங்கள் நசுங்கின.

மழை இறங்கியது. அறுபதைத் தாண்டினதும் தலைக்குமேலே தண்ணீர்ப் பாய் விரிந்தது, அதன் கீழே அம்மாவும் மகளும் ஒரு சொட்டுப் படாமல் போனார்கள், ரெண்டு பக்கமும் குடைகள், குடைகளுக்குக் கீழே முகங்கள், ஒவ்வொரு முகமும் இடது சீட்டை எட்டிப் பார்த்தது. தாழ்ந்த கார் அது, கதவுக்கு மேலே தெரிந்தது பாவாயியின் தலையும் தோளும்தான். அவள் தலை காய்ந்திருந்தது, தோள் காய்ந்திருந்தது, பூ வைத்திருந்தாள், பூவும் காய்ந்திருந்தது.

"காலி" என்றது முதல் குடை. "தண்ணி வரல" என்றது அடுத்த குடை. உசுரோட இருக்கான், உசுரோட இருக்கான் என்று குடைக்குக் குடை தாவி அந்தப் பேச்சு காரைவிட வேகமாக ஓடியது. சுகந்தி அதைக் கேட்டாள்.  சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மாவின் மடியில் மழை விழுந்துகொண்டிருந்தது.

மடியில் மட்டும். முதலில் ஒரு கை அகலத்துக்கு, பிறகு சேலை மடிப்புகளில் நிறைந்து, பிறகு மேலே எழும்பி, ரெண்டு சின்னத் தோள், மெலிந்த ஒரு கழுத்து, அம்மாவின் தோளுக்குக் கீழே, கதவு மட்டத்தைத் தாண்டாமல் வந்து நின்ற ஒரு தலை. இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி வந்திருந்தான். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்காத வயசில் எப்படி உட்காருவானோ அப்படி, முன்பக்கக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டி, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே, தண்ணீருக்குப் பின்னால், சேலையின் பச்சைக் கட்டம் அசைந்தது.

பாவாயி குனிந்து பார்த்தாள். தொட்டால் கை உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு, ரெண்டு கையையும் அவனைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

"கனமே இல்ல" என்றாள்.

பாலம் வந்தது. எப்போதும் அங்கேதான் சுகந்தி வேகம் குறைத்துத் திருப்புவாள்.

"திருப்பாத."

"அம்மா."

"நிறுத்தாத கண்ணு. போ."

பாலத்தைத் தாண்டினார்கள். குடைகள் முடிந்தன. கோழிப்பண்ணைகள் வந்தன, தென்னந்தோப்புகள் வந்தன, மழைக்கு ஒதுங்கின லாரிகள் வரிசையாக நின்று மஞ்சள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன. லாரிகளின் நெற்றியில் இருந்த ராட்சச முகங்கள் எல்லாம் கண்ணை உருட்டி மடியைப் பார்ப்பது போல இருந்தது சுகந்திக்கு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். அழுவேன் என்று சொன்னவளுக்கு அழுகை வரவில்லை. பெட்ரோல் முள் காலியைத் தொட்டுக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தாள், அம்மாவிடம் சொல்லவில்லை. பாவாயி அவனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள், மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது, தோசை என்று கேட்டது, மழைக்கோட்டை ஏன்டா கழட்டுன என்று கேட்டது, மடிச்சு வேற வெச்சிருக்க என்று கேட்டது. தண்ணீர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தது. ஒரு லாரி எதிரே ஹாரன் அடித்தபோது மட்டும் சின்னத் தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பினதைச் சுகந்தி பார்த்தாள். அதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பினதில்லை.

கொஞ்ச தூரத்தில் மழை முடிவது தெரிந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி, இந்தப் பக்கம் கறுப்பு ஈரம், அந்தப் பக்கம் வெள்ளை வெயில். கோடு வேகமாகக் கிட்டே வந்தது. வெயிலுக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை. சட்டி காய்ந்தால் தண்ணீர் எப்படிப் போகுமோ அப்படிப் போவானோ என்று சுகந்தி நினைத்தாள், கால் தன்னால் பிரேக்குக்கு வந்தது, ஆனால் அழுத்தவில்லை. அதை அவள் அழுத்தக்கூடாது. அது அவளுக்குத் தெரிந்தது.

பாவாயியும் கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்கயே நிறுத்து" என்றாள். "மழைக்குள்ளயே எறங்கிக்கட்டும்."

கார் நின்றது. தலைக்குமேலே போய்க்கொண்டிருந்த மழை மொத்தமும் சடசடவென்று அவர்கள்மேல் இறங்கியது, மூன்று பேர்மேலும் இறங்கியது, ஒரு நொடி மூன்று பேரும் ஒன்றுபோல நனைந்தார்கள், அப்புறம் ரெண்டு பேர்தான் நனைந்தார்கள். அம்மாவின் கைகள் வெறும் காற்றைச் சுற்றி அப்படியே இருந்தன. வழிந்த தண்ணீர் சுகந்தியின் பாதம் வரைக்கும் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஐஸ் மாதிரி இருப்பார்கள். இது வெதுவெதுப்பாக இருந்தது.

வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தபோது பட்டறை வாசல் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நூர்ஜகான் அக்கா குடைக்குக் கீழே லட்டுத் தட்டோடு நின்றார், தகரக் கொட்டகைக்குள்ளே எவனோ சரவெடியைப் பற்றவைத்திருந்தான், தாயம்மாள்கூட ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க போனாலும் திரும்பி வரட்டும், செவுட்டுல நாலு வெக்கோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாதேஷ் மேஸ்திரி தட்டிலிருந்து ரெண்டை எடுத்துச் சுகந்தியின் ஈரக் கையில் திணித்தார். "காலிச் சீட்டும்மிணி. ஊரே பாத்துச்சு. உங்கொண்ணன் வந்துருவான்."

ராக்கியண்ணன் குடையோடு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ரெண்டு மழைக்காலமாகப் பழக்கமில்லாத சிரிப்பு, சரியாக உட்காராமல் கோணிக்கொண்டு இருந்தது. கிட்டே வந்தவர் மகளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். ரெண்டு பேர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. பாவாயியின் பூ கசங்கிக் கழுத்தில் ஒட்டியிருந்தது.

"நனைஞ்சிருக்கீங்க" என்றார்.

பாவாயி முன்னால் இருந்த ரோட்டையே பார்த்தாள்.

"வண்டி நின்னுதா?"

"நிறுத்தினேன்" என்றாள் சுகந்தி.

"ரிப்பேரா?"

"இல்லப்பா."

"பொறவு எதுக்கு நிறுத்தின?"

சுகந்தி லட்டைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். வாயில் இருந்த பதிலை அவள் வெளியே விடவில்லை, ஆனால் முகத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. ராக்கியண்ணன் காலம் பூராவும் மழையில் ஓட்டினவர். காலி வண்டியை மழையில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இறக்கிவிட ஆள் இருந்தால்தான் நிறுத்துவார்கள்.

குடையை மடக்கினார். மடக்கி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். இடது பக்கக் கதவைத் திறந்து, பாவாயியின் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு கை அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"அண்ணனுக்குச் சந்தோசத்துல தலைகால் புரியல" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ரெண்டாவது கை அள்ளினார். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். கொட்டகைக்குள் சரவெடியை எவனோ செருப்புக் காலால் மிதித்து அணைத்தான். மூன்றாவது கையை அவர் தலைக்குமேலே தூக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், விரலிடுக்கில் பாதி ஒழுகிப்போனது, மிச்சத்தை ஊற்றிக்கொண்டார். நூர்ஜகான் அக்கா லட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். ஒவ்வொரு குடையாக மடங்கியது. ஊர் நனைந்துகொண்டு நின்றது, ஒருத்தரும் ஓடவில்லை.

பாவாயி இறங்கினாள். அவள் எழுந்த சீட்டில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது, அந்தப் பள்ளத்துக்குள் சின்னதாக இன்னொரு பள்ளம் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, போனை எடுத்து, சேலையில் துடைக்கப் பார்த்தாள், சேலையில் காய்ந்த இடம் இல்லை. நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பதிவுக் குரல் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது. கடைசி வரைக்கும் கேட்காமல் பாதியிலேயே நிறுத்தினாள். போனை மகளிடம் நீட்டினாள்.

"இந்த மாசம் ரீசார்ஜ் போட வேண்டாம் கண்ணு."